முகமறியாதவரிடம் கேட்கும் யோசனை

இடர் வந்துற்றபோது யாரை நாடுவது என்னும் வினாவுக்கு நம் முன்னோர் தயங்காமல் விடை கூறினர். திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என ஓர் அதிகாரமே உண்டு. அண்மைக்காலம் வரை ஊரில் மூத்தவர், வீட்டில் தாய்மாமன், அலுவலகத்தில் அனுபவம் முதிர்ந்த தலைமை எழுத்தர் என்று கேட்பதற்கு ஆள் இருந்தது. இன்றோ மாமியாரோடு மனத்தாங்கல் என்றாலும், மேலதிகாரியோடு பிணக்கு என்றாலும், பெயரையும் ஊரையும் மறைத்துக்கொண்டு கைப்பேசி வழியே முன்பின் அறியாதவரிடம் யோசனை கேட்பவர் பலர். ‘கலி முற்றிவிட்டது’ என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் இவ்வழக்கம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அதன் பயன் எது, அதன் எல்லை எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறவினர் இருக்க அயலார் எதற்கு?

ஒரு பெண் வங்கியில் பணிபுரிகிறாள் எனக் கொள்வோம். பதவி உயர்வு வருகிறது. அதனோடு இருநூறு கல் தொலைவிலுள்ள ஊருக்கு மாறுதலும் வருகிறது. வீட்டில் பள்ளி செல்லும் குழந்தையும் நோயுற்ற மாமனாரும் உள்ளனர். அவள் யாரைக் கேட்பாள்? கணவருக்கு வீடு தடையின்றி நடக்க வேண்டும். தாய்க்கு மகளின் பதவி ஒரு பெருமை. மாமனாரைத் தாம் வைத்துப் பார்க்க நேருமோ என்பது நாத்தனாரின் அச்சம். உடன் பணிபுரியும் தோழியோ அதே பதவிக்கு அடுத்த நிலையில் இருப்பவர். இவர்கள் அனைவரும் நல்லவர்களே. ஆயினும் ஒவ்வொருவர் விடையிலும் அவரவர் பங்கு கலந்திருக்கிறது. இன்று சொன்னது நாளை ஒரு கல்யாண வீட்டில் பேச்சாகிவிடும் என்ற கவலை வேறு.

ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் கியார்க் சிம்மல் 1908 இல் ‘அயலான்’ என்ற பொருள் பற்றிச் சில பக்கங்களே எழுதினார். நெருங்கியவரிடம் மறைத்ததை மக்கள் அயலானிடம் மனம் திறந்து கூறிவிடுகிறார்கள் என்றும், எப்பக்கமும் சாராத நிலையே அதற்குக் காரணம் என்றும் அவர் விளக்கினார். இத்தாலிய நகரங்கள் ஒரு காலத்தில் தம் நீதிபதிகளை வெளியூரிலிருந்து வரவழைத்தன. உள்ளூரில் எவரும் ஏதேனும் ஒரு குடும்பக் கட்சியில் சிக்கியிருந்தனர் என்பதே காரணம் என்று அவர் சான்றும் காட்டினார். எதிர் இருக்கைக்காரரிடம் விழுப்புரம் தாண்டுவதற்குள் குடும்பக் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும் நம் இரயில் பயணிகளை அவர் கண்டிருந்தால் இன்னும் இரண்டு பக்கங்கள் எழுதியிருப்பார்.

இலண்டனில் தொடக்கம்

1691 இல் இலண்டன் நகரில் ஜான் டன்டன் என்னும் புத்தக வணிகர் ‘அதீனியன் மெர்க்குரி’ என்ற இதழைத் தொடங்கினார். வாசகர் பெயர் குறிப்பிடாமல் எந்த ஐயத்தையும் எழுதி அனுப்பலாம். விடை அச்சில் வரும். இயற்கை விஞ்ஞானமும் சமயமும் பற்றிய வினாக்களோடு காதல், திருமணம் பற்றிய வினாக்களும் வந்தன. விடையளிப்பது ஒரு பெரிய அறிஞர் கழகம் என்பது போன்ற தோற்றம் இருந்தது. உண்மையில் உள்ளே இருந்தவர்கள் மூவர் நால்வரே. ஆக, யோசனை சொல்பவர் யார் என்று கேட்பவருக்குத் தெரியாத நிலை முதல் நாளிலேயே தோன்றிவிட்டது. பிற்காலத்தில் அமெரிக்காவில் புகழ்பெற்ற ‘ஆன் லாண்டர்ஸ்’ என்பதும் ஒரு புனைபெயரே. அப்பெயரில் எழுதிவந்தவர் 1955 இல் இறந்தபின் வேறொரு பெண்மணி அதே பெயரில் விடையெழுதத் தொடங்கினார்.

கடிதக் கட்டு

இவ்வரலாற்றில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதி நியூயார்க்கில் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்காவில் குடியேறினர். தந்தை, தாய், ஊர்ப் பெரியவர், சமயகுரு எல்லாரும் கடலுக்கு அப்பால். இங்கோ தையற்கூட வேலை, நெருக்கடியான குடியிருப்பு, புரியாத மொழி. இவர்களுக்காக இத்திஷ் மொழியில் வெளிவந்த ‘ஃபோர்வெர்ட்ஸ்’ நாளிதழில் ஆசிரியர் ஆபிரகாம் கஹான் 1906 இல் ‘பின்டெல் ப்ரீஃப்’ என்ற பகுதியைத் தொடங்கினார். ‘ஒரு கட்டுக் கடிதங்கள்’ என்பது அதன் பொருள்.

தொடக்கத்தில் வந்த கடிதங்களுள் ஒன்று ஓர் ஏழைத் தாயுடையது. வேலையற்ற நாட்களில் அடகு வைத்து உணவு வாங்குவதற்கு அவள் வீட்டில் இருந்தது ஒரு கடிகாரம். அது காணாமற்போயிற்று. அண்டை வீட்டுக்காரி மேல் ஐயம். அவள் காவல் நிலையத்துக்குப் போகவில்லை, கூச்சலிடவும் இல்லை. கடிகாரத்தை எடுத்தவர் அடகுச் சீட்டையாவது தபாலில் அனுப்பிவிடட்டும் என்று பத்திரிகைக்கு எழுதினாள். எடுத்தவளும் ஏழை என்பது அவளுக்குத் தெரியும். நேரில் கேட்டால் இருவருக்கும் முகம் போய்விடும். அயலாருக்கு எழுதிய அக்கடிதம் அயலாருக்காக எழுதப்பட்டதா, அண்டை வீட்டுக்காரிக்காக எழுதப்பட்டதா என்று எண்ணிப் பாருங்கள்.

வேலை பற்றிய கடிதங்களும் வந்தன. ஒரு தொழிற்கூடத்தில் வேலை செய்த 13 வயதுச் சிறுவன் காலையில் சற்றுத் தாமதமாக வந்ததற்காக முதலாளி 2 சென்ட் பிடித்தம் செய்தார். உடன் வேலை செய்த ஒருவருக்கு மனம் பொறுக்கவில்லை; இது நியாயமா என்று எழுதிக் கேட்டார். தொகை அற்பம், ஆனால் தனியாக நின்று கேட்டால் தன் வேலைக்கு ஆபத்து. குடும்பத்தைக் கைவிட்டு மறைந்த கணவரைத் தேடும் மனைவியரின் கடிதங்கள் வேறு வகை. அங்கே யோசனை மட்டும் போதவில்லை. 1911 இல் நிறுவப்பட்ட ஓர் உதவி அமைப்போடு இணைந்து, ஓடிப்போன கணவன்மாரின் புகைப்படங்களை அந்நாளிதழ் வெளியிட்டது.

தமிழிலும் இத்தகைய பகுதி வேரூன்றியது. வாரமலர் இதழின் ‘அன்புடன் அந்தரங்கம்’ பகுதியில், 2010 இல் மறைந்த எழுத்தாளர் அனுராதா ரமணன் வாசகர் கடிதங்களுக்கு விடையெழுதி வந்தார். வீட்டில் வாய் திறக்க இயலாத பெண்களுக்கு அத்தகைய பக்கம் எத்துணை ஆறுதல் என்பதை ஆண்கள் எளிதில் உணரார்.

எங்கே பிழைபடுகிறது?

அயலாருக்கு வருவது ஒருதலை வழக்கு. ஊர்ப் பஞ்சாயத்தில் எத்தனை குறை இருந்தாலும், எதிர்த்தரப்பையும் அழைத்து ஒரு வார்த்தை கேட்பார்கள். கடிதத்தில் மாமியாரின் குரல் மருமகளின் எழுத்தில்தான் வருகிறது. பங்கு இல்லாதவர் நடுநிலையாளர் என்றோம். பங்கு இல்லாதவருக்கு விளைவும் இல்லை. ‘மாறுதலை ஏற்றுக்கொண்டு போய்விடு’ என்பவர் இரவில் அம்மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.

பலரைக் கேட்டால் உண்மை தெளிவாகும் என்ற நம்பிக்கையும் முழுதும் சரியன்று. 1970களின் நடுவில் ஆன் லாண்டர்ஸ் தம் வாசகரிடம், மீண்டும் வாழ்க்கையைத் தொடங்கினால் குழந்தை பெற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். ஏறத்தாழ 10,000 விடைகள் வந்தன. நூற்றுக்கு 70 அளவில் ‘மாட்டோம்’ என்றன. அமெரிக்காவே திடுக்கிட்டது. பின்னர் ‘நியூஸ்டே’ நாளிதழ் முறைப்படி மாதிரி எடுத்து விசாரித்தபோது நூற்றுக்கு 91 பெற்றோர் ‘பெற்றுக்கொள்வோம்’ என்றனர். புண்பட்டவரே எழுத முனைகிறார். நிறைவோடு இருப்பவர் அஞ்சலட்டை தேடுவதில்லை. புள்ளியியல் மாணவர்கள் பாடத்தில் படிக்கும் இவ்வுதாரணம் குடும்பத் தகராறுக்கும் பொருந்தும். ‘விட்டுவிடு’ என்று ஐம்பது பேர் கூறினால், அவர்களுள் எத்தனை பேர் தம் பழைய காயத்துக்கு விடை எழுதுகிறார்கள் என்று எண்ண வேண்டும்.

வேலை தேடும் செய்தியில் நிலைமை வேறு. மார்க் கிரனோவெட்டர் 1973 இல் வெளியிட்ட ஆய்வில், அறிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களுள் நூற்றுக்கு 17 பேர் அளவிலேயே அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவரிடமிருந்து அச்செய்தியைப் பெற்றிருந்தனர். மற்றவர்களுக்கு எப்போதாவது காண்பவரே உதவினர். நெருங்கியவருக்கு நாம் அறிந்ததே தெரியும். தொலைவில் இருப்பவருக்குப் புதியது தெரியும். ஆனால் அவர்கள் அறிமுகமானவர்கள், முற்றிலும் அயலார் அல்லர். தகவலுக்கு இது சாலும். வேலையை விடலாமா என்ற முடிவுக்குச் சாலாது.

உளவியல் அறிஞர்கள் இகோர் கிராஸ்மன், ஈத்தன் கிராஸ் இருவரும் 2014 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. வாழ்க்கைத் துணை தமக்குத் துரோகம் செய்ததாகச் சிலரையும், அது நண்பருக்கு நேர்ந்ததாக வேறு சிலரையும் எண்ணச் செய்தனர். நண்பரின் சிக்கலை எண்ணியவர்களே மறுபக்கத்தையும், தமக்குத் தெரியாதவை உண்டு என்பதையும், விட்டுக்கொடுக்கும் வழியையும் கூடுதலாகக் கண்டனர். தம் சிக்கலையே வெளியாள் நின்று பார்ப்பதுபோல் நோக்கச் செய்தபோது இவ்வேறுபாடு மறைந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களிடமும் அவ்வாறே நிகழ்ந்தது. முகமறியாதவருக்கு எழுத அமர்பவர் யார் யாரிடம் என்ன சொன்னார், எது முதலில் நடந்தது, தாம் என்ன மறுமொழி கூறினோம் என்பவற்றை முதலிலிருந்து விளக்கித்தான் ஆகவேண்டும். அவ்வாறு விளக்கும் நேரத்தில் அவர் தம் வீட்டுக்குள் வெளியாளாகச் சற்றே நிற்கிறார். எழுதி முடித்த கடிதத்தை அனுப்பாமலே மடித்து வைத்துவிடுபவர்களும் உண்டு.