கொலு பொம்மைக்கு அவுட்டோர் ஷூட்டிங்

கொலுப் படிக்குக் கீழே கட்டும் பார்க்கை மொட்டை மாடியில் கட்டிப் படம் எடுத்திருக்கிறீர்களா? வெயில் வெளிச்சத்தில் பொம்மைகளுக்கு உயிர் வந்துவிடும். உங்கள் புதுக் கம்ப்யூட்டருக்கு அருமையான வால்பேப்பர் கிடைக்கும்.

சென்ற வருடம் அம்மாவின் செட்டியார் தம்பதியை மாடியில் நிறுத்திவிட்டு, கேமரா செட்டிங்குகளை மாற்றிக் கொண்டிருந்தேன். கொடியில் காய்ந்த புடவை காற்றில் வீசியதில் செட்டியாரம்மா விழுந்து நொறுங்கிவிட்டார். இப்போது செட்டியார் தனியாகத்தான் கடை நடத்துகிறார். அந்தப் படங்களை அம்மா இன்று வரை பார்க்கவில்லை.

இதைத் தவிர்க்க, ஒத்திகைக்கு மரப்பாச்சியைப் பயன்படுத்துங்கள். மரம் என்பதால் விழுந்தாலும் மண் பொம்மை போல நொறுங்காது. இரண்டடிப் பலகையைத் தரையில் வைத்து, காய்ந்த மணலைப் பரப்புங்கள். வயலுக்குக் கடுகு, கேழ்வரகைத் தனித்தட்டில் ஒரு வாரம் முன்பே முளைக்க வையுங்கள். ஈரம் பட்டால் மண் பொம்மையின் வண்ணம் கெடும். தட்டு தள்ளியே இருக்கட்டும். மரத்துக்கு முருங்கைக் கொத்து போதும். மாவிலை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 15 செ.மீ. பொம்மையை 165 செ.மீ. பெண்ணாகக் காட்டுகிறோம், அதாவது 11 மடங்கு. ஒரு அங்குலக் கல்கூட அங்கே 11 அங்குலப் பாறைதான்!

கேமரா பொம்மையின் கண் உயரத்துக்கு இறங்க வேண்டும். செல்போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். ஃபிளாஷ் வேண்டாம், மாலை வெயிலே போதும். திரையில் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, டைமரில் எடுங்கள். கை ஆடாது.

இப்போது மரப்பாச்சிப் படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, 100 சதவீத அளவில் பாருங்கள். செல்போன் திரையில் பளிச்சென்று இருந்த முகம் இங்கே மங்கலாகத் தெரியலாம். தவறுகளைச் சரிசெய்த பிறகே மண் பொம்மையை வெளியே கொண்டு வாருங்கள். அடியில் மணலை அணைத்து, மூன்று கிளிக், உடனே உள்ளே!

படத்தை மற்றவர்களுக்கு அனுப்பும் முன் இன்னொரு வேலை உண்டு. செல்போனில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், உங்கள் வீடு இருக்கும் இடமும் படத்துக்குள் பதிவாகியிருக்கலாம். விண்டோஸ் 10 அல்லது 11-ல் ஜேபெக் ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் செல்லுங்கள். அடியில் உள்ள ‘ரிமூவ் ப்ராப்பர்டீஸ் அண்ட் பெர்சனல் இன்ஃபர்மேஷன்’ என்பதைக் கிளிக் செய்து, முதல் ஆப்ஷனுக்கு ஓகே கொடுங்கள். விவரங்கள் நீக்கப்பட்ட பிரதி ஒன்று உருவாகும். அதை மட்டும் அனுப்புங்கள். ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள்; எடுத்த தேதி அதில்தான் இருக்கிறது.