வயல்வெளியில் வாக்கி டாக்கி: அறிந்து தெரிந்தெடுக்கும் முறை

மோட்டார் அறையில் ஒருவரும் கடைமடையில் மற்றொருவருமாக நின்று நீர் பாய்ச்சும் பண்ணைகளில், ஒருவர் கூறுவது மற்றவருக்கு எட்டாமையால் நேரும் நஷ்டம் சிறிதன்று. கிணற்றில் ஆள் இறங்கியிருப்பதை அறியாது மோட்டாரை ஓட்டிவிட்டால் உயிருக்கே அபாயமாகும். கைபேசி எட்டாத இடங்களில் இக்குறையை நீக்க வல்லது வாக்கி டாக்கி என்னும் கருவியாகும்.

இயங்கும் விதம். இது கோபுரத்தின் உதவியின்றி ஒரு கருவியினின்றும் மற்றொன்றிற்கு நேரே அலையை அனுப்புகின்றது. பொத்தானை அழுத்தினால் பேசலாம்; விட்டால்தான் கேட்கலாம். பேச்சு முடியுமுன் பொத்தானை விட்டால், 'போட வேண்டாம்' என்பது 'போட' என்பதோடு அறுந்துவிடும். ஆகையால் 'நிறுத்து' போன்ற ஒற்றைச் சொற்களையே வழங்குதலும், கேட்டவர் அதனைத் திருப்பிச் சொல்லுதலும் நலம். கிணற்றில் இறங்குமுன் பியூஸைப் பிடுங்கும் வழக்கத்தை இக்கருவியை நம்பி விட்டுவிடலாகாது.

எட்டும் தூரம். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பெருந்தூரம் மலையுச்சிக்கே பொருந்தும். மனிதர் கையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த கருவிக்கு, வெட்டவெளியிலும் அடிவானம் சுமார் நான்கரை கிலோமீட்டரேயாம். தென்னந்தோப்பும் வளர்ந்த கரும்பும் அலையை விழுங்கித் தூரத்தை மிகக் குறைக்கும். வாட் சக்தியை நான்கு மடங்காக்கினும், தடையற்ற வெளியிலேயே தூரம் இரு மடங்குதான் கூடும். அதனினும் ஏரிக்கரைமேல் ஏறி நின்று பேசுவதே செலவற்ற உபாயமாகும்.

அனுமதி. இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி லைசென்ஸ் வேண்டுவதில்லை. ஆயினும் கருவி சர்க்காரின் வகை அங்கீகாரம் பெற்றதாக இருத்தல் வேண்டும். ஏனைய அலைவரிசைகளில் பெரும்பாலானவற்றிற்கு லைசென்ஸ் அவசியம். விலை மலிவென்று எல்லா அலைகளிலும் பேசும் கருவியை வாங்குவோர் சட்டத்திற்குப் புறம்பாவதோடு, போலீஸார் முதலியோரின் செய்திக்கும் இடையூறு விளைக்கக்கூடும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை யாவருக்கும் எடுத்துரைத்தல் கடமையாகும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை.

1. அலைவரிசையும் அங்கீகாரச் சான்றும்.
2. மாற்று பாட்டரி அருகில் கிடைக்குமா என்பது.
3. நீர்க்காப்பு: ஐ.பி. 67 எனக் குறித்தது ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும், ஐ.பி. 54 தூறலுக்கு மட்டுமே ஏற்றது.
4. உபகுறியீடு பிறர் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்குமேயன்றி, நம் பேச்சை இரகசியமாக்காது.

இரண்டு கருவிகளை இரவல் பெற்று, பயிர் வளர்ந்து நிற்குங்காலத்தில் மோட்டார் அறையிலிருந்து கடைமடை வரை பேசிப் பார்த்த பின்னரே பணங்கொடுப்பது விவேகமாகும்.