விஷமம் என்று எழுதும் பிள்ளை

வெள்ளறடை

சிரஞ்சீவி மருமகனுக்கு,

மனத்துயரால் வாடும் இளம்பிராயத்தினரோடு உரையாடி ஆறுதல் சொல்லும் யந்திரம் ஒன்றை, நீ 'சாட்பாட்' என்கிறாயே அதனை, நிர்மாணிக்கப் போவதாக எழுதிய கடிதத்தை இருமுறை வாசித்தேன்.

1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர், நாம் சொல்வதையே கேள்வியாக மாற்றித் திருப்பிக் கேட்கும் 'எலிசா' என்ற நிரலைச் செய்தபோது, அது வெறும் சொல்ஜாலம் என்பதை அருகிலிருந்து பார்த்தறிந்த அவருடைய காரியதரிசியே, அதனோடு தனித்துப் பேசவேண்டும், சற்று வெளியே போங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். ஆகவே, பிள்ளைகளைப் பேசவைப்பதில் உனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

சிரமமெல்லாம் அப்புறந்தான். 2018 டிசம்பரில், நம் பெங்களூரில் உருவான வைசா, அமெரிக்காவின் வோபாட் என்னும் இத்தகைய இரு யந்திரங்களையும், பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை எழுதுவதுபோல் எழுதி பி.பி.சி.யார் பரீட்சித்தபோது, உடனே உதவி நாடு என்ற வார்த்தை இரண்டிலிருந்தும் வரவில்லை. தெளிவான இங்கிலீஷுக்கே அந்தக் கதி!

நம் ஊர்ப் பிள்ளை எப்படி எழுதும்? 1956 நவம்பர் முதல் தேதி மாநில எல்லை வகுத்ததில் விளவங்கோடு தமிழகப் பக்கமும் நம் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமுமாகப் பிரிந்தாலும், பேச்சு பிரியவில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பெண்ணொருத்தி, இரவு பதினொரு மணிக்கு, "எனக்கு ரொம்ப வெஷமமா இருக்கு" என்று தட்டுவாள். மலையாளத்தில் விஷமம் என்றால் துக்கம். தமிழ் மட்டும் பயின்ற உன் யந்திரமோ அதனைக் குறும்பென்று கொண்டு, நல்ல பிள்ளையாக நடந்துகொள் என உபதேசிக்கும். 'சங்கடம்' என்பதும் இத்தகையதே: மலையாளத்தில் மனவேதனை, தமிழில் பெரும்பாலும் ஒருவகை இக்கட்டு. போதாக்குறைக்கு, இதையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அல்லவா தட்டுகிறார்கள்!

புரியாதபோது புரிந்ததுபோல் நடியாமல், "என்ன சொல்ல வருகிறாய் மக்களே?" என்று கேட்க அதற்குக் கற்றுக்கொடு. ஆபத்தின் வாடை தெரிந்த கணமே, நம் கேரளத்துத் திசா 1056, மனநல ஆலோசனைக்கென 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான 1098 என மனிதர் பேசும் எண்களைத் திரையில் காட்டிவிட்டு ஒதுங்கவேண்டும். பிள்ளை எத்தனை நாழிகை அதனோடு பேசிற்று என்பதை வெற்றியாகக் கணக்கிடாதே. அது வியாபாரிகளின் கணக்கு.

அடுத்தமுறை ஊருக்கு வருகையில், பள்ளி விடும் நேரம், பாறசாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் நடுவே அரைமணி நில். நோட்டுப் புத்தகம் ஒன்று கொண்டு வா.

அன்புள்ள,
மாமன்