கோலாலம்பூருக்கு 34 பைட்



சி மொழியில் கட்டமைப்பு என்பது தொடர்புடைய பல தரவுகளை ஒரே பெயரின்கீழ் நினைவகத்தில் வரிசையாக வைக்கும் ஏற்பாடு; சுட்டி என்பது தரவை அல்லாமல் அது இருக்கும் முகவரியை வைத்திருக்கும் மாறி. இவற்றின் இலக்கணம் விரைவில் பிடிபட்டுவிடும். ஒதுக்கிய இடத்துக்கு யார் பொறுப்பு என்பதில்தான் நிரல்கள் தடுமாறுகின்றன.

மலேசியாவின் பெலாபுஹான் கிள்ளான் கொம்யூட்டர் ரயில் தடத்தின் நிலையங்களைத் தமிழில் காட்டும் செயலியை எழுதத் தொடங்குபவர், நிலையத்தின் பெயருக்கு 32 பைட் அணியையும், அதையடுத்து அடுத்த நிலையத்துக்கான சுட்டியையும் கட்டமைப்பில் வைப்பதாகக் கொள்ளலாம். ரோமன் எழுத்தில் 12 பைட்டில் அடங்கும் கோலாலம்பூர், தமிழில் கண்ணுக்கு 6 எழுத்தாகத் தெரிந்தாலும், யுனிகோடில் துணைக்குறிகளும் புள்ளிகளும் தனியே எண்ணப்பட்டு 11 குறியீடுகளாகிறது. யுடிஎஃப்-8 முறையில் அவை ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால், சரத்தின் முடிவைக் காட்டும் சுழியத்தையும் சேர்த்து 34 பைட் வேண்டும். எல்லை பார்க்காமல் நகலெடுத்தால் மிஞ்சிய 2 பைட்டும் அருகிலுள்ள சுட்டியின்மேல் விழுந்து, ரயில் எங்கோ போய்விடும். வெட்டி நகலெடுத்தாலோ ‘ர்’ எழுத்தின் புள்ளி சிதையும். 1985இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கிய மலேசியர் முத்து நெடுமாறனின் தலைமுறை பழகிய எட்டு பிட் குறியாக்கங்களில் ஓர் உருவுக்கு 1 பைட்டே போதுமாயிருந்தது என்பதால், பழைய நிரல்களின் அளவுகளை அப்படியே எடுத்தாள்வது ஆபத்து.

ஆகவே பெயருக்கும் ஒரு சுட்டியை வைத்து, நிரல் ஓடும்போதே நீளத்தை அளந்து, இடம் ஒதுக்கும் செயற்கூறான மால்லாக் மூலம் வேண்டிய இடத்தைப் பெறுவது நல்லது. இயங்குநிலை நினைவகம் எனப்படுவது இதுவே. ஆனால் கட்டமைப்பு ஒன்றை இன்னொன்றுக்கு ஒப்படைக்கும்போது முகவரி மட்டுமே நகலாகிறது, பெயர் நகலாவதில்லை; ஒன்றின் இடத்தை விடுவித்தால், அதாவது ஃப்ரீ செய்தால், மற்றது செல்லாத முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இரண்டையும் செய்தால் நிரலே குலையும். எந்தச் சுட்டி உடைமையாளர், எது பார்வையாளர் என்பதை முதலிலேயே தீர்மானித்துச் செயற்கூற்றின் பெயரிலேயே காட்டிவிட வேண்டும்.

2018இல் கேஎல் சென்ட்ரலுக்கும் அங்காசாபுரிக்கும் இடையே அப்துல்லா ஹுகும் நிலையம் வந்ததுபோல் சுட்டிகளால் கோத்த நிலையங்களின் பட்டியலில் புதிய கணுவை, அதாவது புதிய நிலையத்தின் கட்டமைப்பை, செருகும்போது, முதலில் புதியதன் சுட்டியில் அங்காசாபுரியின் முகவரியை வைத்து, பிறகே கேஎல் சென்ட்ரலின் சுட்டியைத் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் புதிய கணு தன்னையே சுட்டிச் சுழலும். அங்காசாபுரி முதல் பெலாபுஹான் கிள்ளான் வரையிலான நிலையங்கள் நினைவகத்தில் இருந்தும் எவரும் எட்ட முடியாதவையாகும். 

நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கருவியான அட்ரஸ் சானிடைசர் இருமுறை ஃப்ரீ செய்வதையும் விடுவித்த இடத்தைத் தொடுவதையும் பிடித்துத் தரும். ஆனால் ஒரே கட்டமைப்பினுள் ஓர் உறுப்பு அடுத்ததன்மேல் வழிவதை, எழுதும் நேரத்தில் அது பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. எனவே சோதனைத் தரவில் கோலாலம்பூர் தமிழிலேயே இருக்கட்டும்.