மீன் தீவனத்தில் மூலிகைப் பொருள்கள்: பயனும் கணக்கும்

குளத்தில் மீன் வளர்க்கும் நம் அங்கத்தினர்களிடம் பலவித மூலிகைப் பொடிகள் விற்பனைக்கு வருகின்றன. தீவனத்தில் கலந்தால் மீன் விரைவில் பருக்கும் என்றும், நோய் அணுகாது என்றும் சொல்லப்படுகிறது. இதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று அறிந்த பின்னரே பணம் செலவிடுவது முறையாகும். மீன் வளர்ப்புச் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போகிறது. ஆகவே தீவனத்தைப் பற்றிய முடிவு நமது வரவு செலவைப் பற்றிய முடிவேயாகும்.

1. கெண்டையின் குடல்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டையினங்களுக்கு இரைப்பை கிடையாது. நாம் உண்ணும் உணவு அமிலம் நிறைந்த இரைப்பையில் பக்குவமடைந்த பிறகே குடலுக்குச் செல்கிறது. கெண்டை உண்பதோ நேரே நீண்ட குடலுக்குச் சென்றுவிடுகிறது. ஜீரணம் முழுவதும் அங்கேயே நடைபெற வேண்டும். உணவுடன் புகும் கிருமிகளைத் தடுக்க அமிலமும் இல்லை. குளத்து நீரில் இயல்பாகவே வாழும் ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள், மீன் தளர்ந்திருக்கும் சமயம் பார்த்துப் புண்ணையும் வயிற்று வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. எனவே குடல் செவ்வையாக இருந்தால்தான் தீவனம் உடம்பில் ஒட்டும்.

2. மூலிகையை நாடக் காரணம்

கால்நடைகளும் மீன்களும் விரைந்து வளர்வதற்காக ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சிறிது சிறிதாகத் தீவனத்தில் சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. இதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. அவை மனிதருக்கும் தீங்கு செய்யவல்லவை. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முற்றிலும் தடைசெய்தது. மாற்றுப் பொருள்களைத் தேடும் ஆராய்ச்சி அதன்பின் இன்னும் மும்முரமாயிற்று.

3. அவை செய்யும் வேலை

பூண்டு, மஞ்சள், இஞ்சி, வெந்தயம் முதலியவை பரவலாக ஆராயப்பட்டுள்ளன. இவற்றின் காரமும் மணமும் ஜீரண நீர்கள் சுரக்கத் தூண்டுகின்றன. சில சத்துகள் தீய கிருமிகளை அடக்குகின்றன. வேறு சில மீனின் நோய் எதிர்ப்புச் சக்திக்கு ஊக்கமளிக்கின்றன. பூண்டில் உள்ள ஒருவகை நார்ச்சத்து, குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது.

பூண்டின் வீரியம் முழுப் பல்லில் இல்லை. நசுக்கும்போதுதான் அல்லிசின் என்னும் பொருள் உண்டாகிறது. நசுக்கியவுடன் சூடுபடுத்தினால் அது உண்டாவது தடைப்படும். ஆகவே நசுக்கிப் பத்து நிமிஷம் வைத்திருந்து, சூடில்லாத தீவனத்தில் கலக்க வேண்டும். மஞ்சளின் சத்தோ நீரில் கரைவது அரிது. எண்ணெயில் குழைத்துத் தீவனத்தின்மேல் பூசுவது நலம். பொடியைக் குளத்தில் தூவுவது வீண். அது மீனின் வாய்க்குள் போவதைவிட நீரில் போவதே அதிகம்.

4. இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, தாவரப் பொருளானால் தீங்கில்லை என்று எண்ணலாகாது. குளத்தில் வேண்டாத மீன்களை அழிக்க நாம் இடுவது இலுப்பைப் புண்ணாக்கே அன்றோ! அதிலுள்ள சபோனின் மீனின் இரத்தத்தைக் கெடுத்துக் கொல்லுகிறது. வேறு பல செடிகளிலும் சபோனின் உண்டு. வேம்பும் அளவு மிஞ்சினால் மீனுக்கு விஷமே. பூண்டுப் பொடியை 100 கிலோ தீவனத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை சேர்த்தே பல ஆய்வுகள் நடந்துள்ளன. அளவை மிகுதியாக்கினால் பயனும் மிகும் என்பதில்லை.

இரண்டாவது, நைந்த நூலைப் பாவு ஓட்டிக் கஞ்சி போட்டால் அது நல்ல நூலாகிவிடாது என்பதை நம் நெசவாளர்கள் அறிவார்கள். அதுபோலவே, பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் பிராணவாயு குறைந்த நீரையும் எந்த மூலிகையும் சரிசெய்யாது. உலர்ந்த நல்ல தீவனமும் தூய நீரும் முதலில் வேண்டும்.

5. கணக்குப் பார்க்கும் முறை

ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் செலவாயிற்று என்பதே நம் அளவுகோல். உதாரணமாக, சாதாரணத் தீவனம் 300 கிலோ இட்டு மீனின் எடை 150 கிலோ கூடியதாகக் கொள்வோம். விகிதம் 2. மூலிகை கலந்த குளத்தில் அதே 150 கிலோவுக்கு 285 கிலோ போதுமானால் விகிதம் 1.9; மிச்சம் 15 கிலோ தீவனம். நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்த பொடி 2.85 கிலோ. ஆகவே பொடியின் விலை தீவன விலையைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்குக்குள் இருந்தால்தான் லாபம். அதற்கு மேலானால், மீன் நன்றாக வளர்ந்தும் நமக்கு நஷ்டமே. நோய்ச் சாவு குறைந்திருப்பின் பிழைத்த மீனின் மதிப்பையும் வரவில் சேர்க்க வேண்டும்.

6. சங்கம் செய்யத்தக்கது

ஒருவர் தம் ஒரே குளத்தைப் பார்த்து முடிவு கட்ட இயலாது. மழை, வெயில், குஞ்சின் தரம் எல்லாம் விளைவை மாற்றும். இரண்டிரண்டு ஒத்த குளங்களை உடைய சில அங்கத்தினர்கள் முன்வரட்டும். ஒரே நாளில், ஒரே இடத்துக் குஞ்சுகளை, ஒரே எண்ணிக்கையில் விட வேண்டும். ஒன்றில் மட்டும் பொடி சேர்க்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீச்சு வலையால் சில மீன்களைப் பிடித்து எடைபோட்டு, தீவன அளவுடன் சங்கப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டு மாதம் சென்றபின் எல்லாருடைய கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலான குளங்களில் பயன் தெரிகிறதா, ஒன்றிரண்டில் மட்டும் தற்செயலாக நேர்ந்ததா என்பது விளங்கும். பயன் உண்டெனில் பொருளை மொத்தமாக வாங்கலாம். இல்லையெனில் அனைவரின் பணமும் மிஞ்சும்.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. கெண்டைக்குக் குடல் நலம் மிக இன்றியமையாதது ஏன்?
2. நசுக்கிய பூண்டை உடனே சூடுபடுத்தலாகாது ஏன்?
3. நம் பகுதியில் இப்போது விற்கும் தீவன விலைப்படி, ஒரு கிலோ பொடிக்கு நாம் கொடுக்கத்தக்க உச்ச விலை என்ன?