ஒற்றையடிப் பாதையை அடைக்கலாமா?

ஹட் பேயில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மேட்டுக் காடு உண்டு. உச்சிக்கு ஏறினால் கடல் தெரியும். ஏறுகிற வழி யாரும் போட்டுக் கொடுத்ததன்று. நடந்து நடந்து தானே உண்டான ஒற்றையடிப் பாதை. மாலையில் பிள்ளைகள் ஏறுவார்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் நாங்களும் அழைத்துப் போவோம். நாளடைவில் ஒன்று நான்காயிற்று. சேற்றைக் கண்டவர் ஓரமாக நடந்தார். வளைவைக் கண்டவர் குறுக்கே ஏறினார். சென்ற மழைக்காலத்தில் என் மதினி குறுக்குவழியில் சறுக்கிக் கையை முறித்துக்கொண்டார். மறுவாரமே முள்வேலி போட்டு எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. கூடாது என்று சொன்னவன் நான்.

காரணம் எங்கள் தீவில் எல்லோருக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று நிலம் குலுங்கி, கடல் பொங்கியபோது நாங்கள் ஓடியது அந்தப் பாதையில்தான். தார்ச்சாலை கடலோரமாகவே செல்கிறது. அது எப்படிக் காப்பாற்றும்? டுகாங் கிரீக்கில் வாழ்ந்த ஓங்கே மக்களும் மேட்டு நிலத்துக்குச் சென்றே உயிர் பிழைத்தார்கள். ஆகவே ஒரு பாதையை அடைக்குமுன், அது எதற்காக உண்டாயிற்று என்று கேட்க வேண்டும்.

பாதையைக் கெடுப்பது கால் மட்டுமன்று, தண்ணீர். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சரிவில் நேர்மேலாக ஏறும் பாதை மழை பெய்ததும் வாய்க்காலாகிவிடும். பாதை சரிவைச் சாய்வாகக் கடந்து செல்ல வேண்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு: குன்று 100 அடிக்கு 20 அடி உயர்ந்தால், பாதை 100 அடிக்கு 10 அடிக்கு மேல் ஏறக் கூடாது. அப்போதுதான் நீர் பாதையோடு ஓடாமல் குறுக்காகக் கடந்து வெளியேறும்.

இன்னொன்று என்னை வியக்க வைத்தது. புதிய இடத்தில் நடக்கும் முதல் சில நடைகளே செடிகளுக்கு மிகுதியான கேட்டைச் செய்கின்றன. பிறகு நடப்பவர் கூடினாலும் கேடு அதே அளவில் கூடுவதில்லை. எனவே கூட்டத்தைப் பல வழிகளில் பரப்புவதைவிட ஒரே வழியில் சேர்ப்பதே நல்லது. ஒயிட் சர்ஃப் அருவிக்குச் செல்லும் அன்பர்கள் செருப்பு நனையும் என்று ஓரத்தில் மிதிக்காமல் சேற்றின் நடுவிலேயே நடக்கலாம். பட்லர் பே கடற்கரையிலும் அப்படியே. மணலைப் பிடித்து வைத்திருப்பது அடப்பங்கொடி.

அனுமதி பெற்று நாங்கள் நால்வர் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வேலை செய்தோம். வளைந்து ஏறும் ஒரு தடத்தை வைத்துக்கொண்டு, நீரைத் திருப்பச் சாய்வாகக் கட்டைகள் பதித்தோம். மற்றவற்றின் வாயில், கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை, இறுகிய மண்ணைக் கொத்தி விழுந்த கிளைகளைப் பரப்பினோம். நடுவில் மட்டும் அடைத்தால் பயனில்லை. வாய் தெரிந்தால் கால் போகும். ஒரு குறுக்குவழியை மட்டும் இரண்டு முறை அடைத்தும் யாரோ திறந்துவிட்டார்கள். எனக்குக் கோபம்தான். பிறகு பார்த்தால், அது தண்ணீர்க் குழாய்க்கு வருகிற பெண்களின் வழி! நாங்கள்தான் தவறு செய்தோம். அதையும் சீராக்கி விட்டுவிட்டோம்.

தமிழ்நாட்டிலும் இதற்குப் பாடம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் அனுமதிக்கப்பட்ட வழியை விட்டு வேறு வழியில் சென்ற மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 வழிகளைக் குறித்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு மலையேற்றத் திட்டத்தை அரசு தொடங்கியது. எல்லாவற்றையும் நிரந்தரமாகப் பூட்டிவைப்பதைவிட இது மேல் என்பது என் கருத்து.

ஆனால் பூட்டியே இருக்க வேண்டிய வழியும் எங்கள் தீவில் உண்டு. ஓங்கே பழங்குடிக் காப்பகத்துக்குள் செல்லும் தடம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அது நமக்குரியதன்று. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவது குற்றம். விருந்தாளிகள் எவ்வளவு கேட்டாலும் அழைத்துப் போகாதீர்கள்.

சென்ற மாதம் என் தாயாரைப் புதிய தடத்தில் ஏற்றிப் பார்த்தேன். யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். ஆனால் பழைய நேர்வழியைவிட நான்கு நிமிடம் கூடுதலாயிற்று. நிலநடுக்கத்துக்குப் பின் நான்கு நிமிடம் என்பது சிறிய கணக்கன்று என்கிறார்கள் இளைஞர்கள். அதை மறுக்க என்னால் இயலவில்லை. ஆகவே நேர்வழியில் கட்டைப் படி வைத்து, பிடித்து ஏறக் கயிறு கட்டி, அவசரத்துக்கு மட்டும் என்று பலகை வைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். படி ஏழு முடிந்தது. கயிறு இன்னும் வாங்கவில்லை.