ஆற்றுப்படுத்துநரிடம் செல்லுமுன்

உடலில் காய்ச்சல் கண்டால் நாம் தயங்குவதில்லை. அம்மாவிடம் சொல்கிறோம், மருத்துவரிடம் செல்கிறோம். ஆனால் இரவில் உறக்கம் வராமல், காரணம் தெரியாமல் அழுகை வந்து, புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடத்தால் யாரிடமும் சொல்வதில்லை. "பைத்தியம்" என்பார்களோ என்பது ஓர் அச்சம். சொன்னது ஊரெல்லாம் பரவுமோ என்பது மற்றோர் அச்சம். இவ்விரண்டும் நீங்க வேண்டுமாயின், ஆற்றுப்படுத்துநரின் அறையில் என்ன நடக்கும் என்பதை முன்பே அறிந்திருத்தல் வேண்டும்.

பெயரின் பொருள்

ஆங்கிலத்தில் 'கவுன்சலிங்' எனப்படுவதைத் தமிழில் 'ஆற்றுப்படுத்துதல்' என்கிறோம். 'ஆறு' என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் வறிய கலைஞருக்கு வழி கூறுவது ஆற்றுப்படை. வழி சொல்பவர் ஒருவர், நடப்பவர் மற்றொருவர். ஆற்றுப்படுத்துநரும் அப்படியே. நம் துன்பத்தை அவர் மந்திரம் போல் நீக்கிவிட மாட்டார். "இப்படிச் செய்" என்று கட்டளையிடவும் மாட்டார். நம் மனத்தை நாமே தெளிவாகக் காண உதவுவார். நடக்க வேண்டியவர் நாமே.

யார் யார்?

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் படிப்பு முடித்து, மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்புப் பயின்றவர். தேவையானால் மருந்து எழுதித் தருபவர் அவரே. மருத்துவ உளவியலாளர் மனநிலையைச் சோதனைகளால் ஆராய்ந்து, பேச்சின் வழியாகச் சிகிச்சை அளிப்பவர். ஆற்றுப்படுத்துநர் அன்றாட வாழ்வின் சிக்கல்களில் துணை நிற்பவர், மருந்து தருவதில்லை. ஒருவரிடம் செல்லுமுன் அவர் என்ன படித்தவர், எங்குப் பயிற்சி பெற்றவர் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இத்துறையில் தமிழகத்துப் பெண்மணி ஒருவரின் தொண்டு பெரிது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-இல் தோன்றியது. அதன் முதல் பெண் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் இவர், ஓய்வு பெற்றபின் 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனநல நிறுவனத்தை நிறுவினார்.

நம் திருச்சிராப்பள்ளிக்கும் ஒரு பெருமை உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் முதன்முதலாக 1997-இல் நம் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. ஆகவே பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே இவ்வுதவி என்று எண்ண வேண்டியதில்லை.

பாவசங்கீர்த்தனமும் ஆற்றுப்படுத்துதலும்

"மனத்தில் உள்ளதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் போதாதா?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். இரண்டும் வெவ்வேறு. பாவசங்கீர்த்தனத்தில் நம் பாவங்களைச் சொல்லி இறைவனின் மன்னிப்பைப் பெறுகிறோம். துயரம் பாவமன்று, பயமும் பாவமன்று. அவற்றுக்கு மன்னிப்பு வேண்டுவதில்லை. ஆறுதலும் தெளிவும் வேண்டும். ஆகவே ஆற்றுப்படுத்துநர் நம்மைத் தீர்ப்பிடுவதில்லை.

ஜெபம் செய்வோரும் மருத்துவம் பெறலாம். திருச்சிக்கு அருகே குணசீலம் கோயிலில் மனநலம் குன்றியோர் 48 நாள் தங்கி வழிபடும் வழக்கம் உண்டு. அங்கேயும் இன்று மனநல மறுவாழ்வு மையம் ஒன்று உள்ளது. எம்மதத்தவராயினும் நம்பிக்கை ஒரு கை, சிகிச்சை மறு கை.

இரகசியம் காக்கப்படுமா?

இதுவே நம் பெரிய கேள்வி. பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியிட முடியாது. ஆற்றுப்படுத்துநரும் நாம் சொன்னதைக் காக்கக் கடமைப்பட்டவர். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுவோரின் இரகசியத்தை அவர்களது உரிமையாக்கியுள்ளது. ஆயினும் இங்கு எல்லைகள் உண்டு. நம் உயிருக்கு ஆபத்து என்றாலும், நம்மால் பிறர்க்கு ஆபத்து என்றாலும், காக்கக்கூடியவர்களிடம் அவர் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவரிடம் எவரேனும் தகாத முறையில் நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது அவர் கடமை. இவை நம்மைக் காட்டிக் கொடுப்பதற்கல்ல, காப்பதற்கே. "எதை இரகசியமாக வைப்பீர்கள், எதை வைக்க இயலாது?" என்று முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

முதல் நாள்

முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நடைபெறும். உறக்கம், உணவு, படிப்பு, வீடு, நட்பு பற்றிக் கேட்பார்கள். நமக்குப் பதினெட்டு வயது நிரம்பாததால் பெற்றோரின் சம்மதமும் கேட்பார்கள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் குறித்துச் செல்வது நன்று. அழுகை வந்தால் அழலாம். விரும்பாத கேள்விக்கு, "இதைப் பிறகு சொல்கிறேன்" எனலாம். பெண் ஆற்றுப்படுத்துநரே வேண்டும் என்று கேட்கலாம். ஒருவரிடம் மனம் ஒட்டவில்லையானால் வேறொருவரை நாடலாம்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடாது. திருவரங்கம் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள். கடைகளும் வீடுகளும் நிறைந்த வெளிச் சுற்றுகளைக் கடந்தே உள்ளே செல்கிறோம். மனமும் அவ்வாறே. முதல் நாள் வெளிவீதிதான். நம்பிக்கை வளர வளர, ஒவ்வொரு வாசலாய்த் திறக்கும். சில நாட்களில் பேசிவிட்டு வந்தபின் மனம் முன்னிலும் பாரமாக இருக்கலாம். அதற்காகப் பாதியில் நின்றுவிடாமல், அதையும் அவரிடமே சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோரே! மகள் அறையைவிட்டு வெளியே வந்ததும், "உள்ளே என்ன சொன்னாய்? எங்களைப் பற்றிச் சொன்னாயா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், அடுத்த முறை அவள் வாய் திறக்க அஞ்சுவாள். "நாலு பேருக்குத் தெரிந்தால் கல்யாணத்துக்குத் தடையாகுமே" என்றும் சொல்லாதீர்கள். நாலு பேர் பேச்சைவிட ஓர் உயிர் பெரிதல்லவா? "பசிக்கிறதா?" என்று மட்டும் கேட்டு வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவளாகச் சொல்லும்போது கேளுங்கள்.

தோழியரே! நேரில் செல்லத் துணிவில்லையானால் 14416 என்ற எண்ணில் பேசலாம். 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. கட்டணமின்றி இரவும் பகலும் தமிழிலேயே பேசுவார்கள். ஆபத்தில் உள்ள சிறுவர் சிறுமியருக்கு 1098 என்ற எண் உண்டு. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும், நாளை என்று தள்ளாமல் அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும்: அம்மாவிடமோ, அப்பாவிடமோ, வகுப்பு ஆசிரியையிடமோ, சிஸ்டரிடமோ. தோழி ஒருத்தி அப்படி நம்மிடம் சொன்னால், "யாரிடமும் சொல்லாதே" என்று அவள் சத்தியம் கேட்டாலும், அந்த ஒரு சத்தியத்தை மட்டும் செய்யக் கூடாது. அவள் கையைப் பிடித்துப் பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் செல்வதே நட்பு.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் பாட்டிமார் சொல். இறைவன் நமக்குத் தந்த வாய், பாடம் ஒப்பிக்க மட்டுமன்று. "எனக்கு வலிக்கிறது" என்று சொல்லவுந்தான்.